பெட்டிக்குள் இருந்த பற்சக்கரம்

இன்றும் பத்திரிகையில் 'வெளிநாட்டு ஒத்துழைப்பு' என்ற சொற்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் கொடுத்தவர்கள் மேல் இல்லை. கொடுத்ததைப் பூட்டி வைத்துக் காவல் காத்தோமே, எங்கள் மேல்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் நான் மெக்கானிக்காக இருந்தேன். நாட்டின் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்தப் போகும் அலுவலகம் என்று எங்கள் அதிகாரி கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவார். ஐந்தாண்டுத் திட்டத்தின் பெயரில் ஒரு வெளிநாட்டு அரசு எங்களுக்கு போரிங் மிஷின் ஒன்றை அன்பளிப்பாகத் தந்திருந்தது. பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் அந்த மிஷினை ஓட்டுவது என் வேலை.

சூளகிரிக்கு வடக்கே, மைசூர் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். ஊருக்கு இருந்த ஒரே கிணறு மாசியிலேயே வற்றிவிட்டது. பெண்கள் எல்லை தாண்டிப் போய் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மொண்டு வந்தார்கள். மாநிலம் பிரித்த பிறகு தோட்டக்காரருக்குத் திமிர் ஏறிவிட்டதாம். "ஒங்க கவர்மெண்ட்ட போய்க் கேளுங்க" என்று குடத்தைப் பிடுங்கி எறிந்தாராம். மிஷின் நின்ற இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி இதை என்னிடம் சொன்னாள். வீட்டில் தெலுங்கு பேசுவாள், என்னிடம் தமிழ். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. "எனக்குப் பிரசவம் ஆவறதுக்குள்ள தண்ணி வந்துடுமா அண்ணா?" என்று தினமும் கேட்பாள். வந்துவிடும் என்று தினமும் சொன்னேன்.

பாதித் துளையில் மிஷினின் பற்சக்கரம் உடைந்தது. புதியது வேண்டும் என்று எழுதினேன். அந்தக் கடிதம் சேலம் போய், சென்னை போய், டெல்லி போய், அங்கிருந்து கடல் தாண்ட வேண்டுமாம். கொடுத்த நாட்டிலிருந்து வரும் உதிரிப் பாகத்தைத்தான் மாட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம். அந்த ஒப்பந்தத்தை எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் அதற்கு பயந்தார்கள்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு உடைந்த சக்கரத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன். லேத் பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை நாள் என்று கன்னடத்தில் கேட்டார். மறுநாள் சாயங்காலம் சக்கரம் என் கையில் இருந்தது.

மாட்டினேன். மிஷின் சமர்த்தாக ஓடியது. மூன்றாம் நாள் துளையிலிருந்து ஈர மண் வந்தது. அவள் அதை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

நான்காம் நாள் காலையில் அதிகாரியின் ஜீப் வந்தது.

"எங்க செஞ்சது இது?"

"பெங்களூர்ல சார்."

"யாரைக் கேட்டு மாட்டுன? டெல்லியில கேட்டா நான் என்னய்யா பதில் சொல்றது?"

"தண்ணி வரப் போவுதுன்னு சொல்லுங்க சார்."

"வாய மூடு. கழட்டு அத."

கழற்றினேன். சக்கரத்தை என் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். இன்னொரு முறை மாட்டினால் வேலை போய்விடும் என்று எழுத்திலும் கொடுத்தார். துளையின் வாயில் ஒரு பாறாங்கல்லை வைத்து மூடினோம்.

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து பெரியவர்களும், மிஷின் கொடுத்த நாட்டிலிருந்து ஒரு துரையும் பார்வையிட வந்தார்கள். மிஷினுக்குப் புதுப் பச்சை பெயிண்ட். சாமந்தி மாலை வேறு. பற்சக்கரம் இல்லாவிட்டாலும் என்ஜின் தனியாக ஓடும். ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். அது கத்திய கத்தலில் எல்லோரும் மகிழ்ந்துபோனார்கள். துரைக்கு மிஷின் விவரம் தெரியாது. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர். வேலை எப்படி நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிரமாதம் என்றார் எங்கள் அதிகாரி. இன்னொரு மிஷின் கிடைத்தால் இன்னும் பிரமாதமாக நடக்கும் என்றார். கைதட்டினார்கள். மூன்றடி தள்ளி, காலடியில் கருவிப் பெட்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். கேள்வியும் புரிந்தது, பதிலும் புரிந்தது. உண்மையைச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலமும் தெரியும். சொல்லவில்லை.

ஜீப்புகள் போன பிறகு அவள் வந்தாள். நிறைமாதம். இடுப்பில் காலிக் குடம்.

"அண்ணா, அந்தச் சக்கரம் எங்க?"

"இந்தப் பெட்டியிலதாம்மா."

"மாட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை மணி நேரம்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எல்லைப் பக்கம் நடந்தாள். பெட்டியின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.