அண்ணாந்து ஒரு வாய்த் தண்ணீர்

மாடசாமி ஓசூரை விட்டுக் கிளம்பியது மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். மாலை ஐந்தரை மணி கோவில்பட்டிப் பேருந்து. பக்கத்தில் அவன் அம்மா நாகம்மாள். தீக்காய வார்டில் நான்கு மாதம் அவனைக் கவனித்துக்கொண்ட செவிலியர் சாந்தம்மா, கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சேலையச் சுருட்டித் தோளுக்குக் கீழ வெக்கணும். தலைக்குக் கீழ வெக்கக் கூடாது. கேக்குதா?"

"கேக்குது தாயி. நூறு தடவ சொல்லிட்டீக" என்றாள் நாகம்மாள்.

சாந்தம்மா என் அத்தை, கெலமங்கலத்துக்காரர். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வந்து இறங்கிய வாரம் அது. அவர்களுடைய மூட்டையைத் தூக்க என்னையும் அழைத்து வந்திருந்தார். நடந்ததையெல்லாம் திரும்பும் வழியில் சொன்னார்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் அவனுக்கு வேலை. அலுமினியக் குழம்பு தெறித்து மாடசாமியின் கழுத்தும் மார்பும் வெந்துவிட்டன. தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். புதுத் தோல் ஆறும்போது சுருங்கும். தலையை முன்னால் சாய்த்தால் வலி குறையும். அப்படியே விட்டால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் தலையணை கிடையாது. அத்தை அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டினார்.

நாகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகன் முனகுவதைத் தாங்காமல், செவிலியர் இல்லாத நேரம் பார்த்துத் தன் பழைய சேலையை மடித்து அவன் தலைக்கு அடியில் வைத்தாள். காலடிச் சத்தம் கேட்டால் உருவிக்கொண்டாள். பத்து நாள் கழித்து அத்தை கையும் களவுமாகப் பிடித்தபோது, கழுத்துத் தோல் சுருங்கி, அவன் முகம் எதிர்ச்சுவரைத் தாண்டி மேலே எழும்பவில்லை.

கோபம் வந்தால் அத்தைக்குத் தெலுங்குதான் வரும்.

"தமிழ்ல திட்டுங்க சிஸ்டர், புரிஞ்சாத்தான எனக்கும் ரோசம் வரும்" என்றானாம் மாடசாமி.

நாகம்மாளும் விடவில்லை. "புள்ள வலியில துடிக்கான். ஒரு தலவாணி குடுக்க மனசில்லாத ஆசுபத்திரியா இது?"

வாய் வைக்காமல், செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கிற வீடு அவர்களுடையது. வார்டில் அவன் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். அத்தை ஒரு செம்புத் தண்ணீரை நாகம்மாள் கையில் கொடுத்தார்.

"தாடைய நெஞ்சோட ஒட்டிக்கோ. தலைய நிமித்தாம, செம்பத் தூக்கி ஊத்திக் குடி பாக்கலாம்."

தண்ணீர் மூக்கிலும் மடியிலும் கொட்டியது.

"உம் பையன் காலம் பூரா இப்படித்தான் குடிக்கணுமா?"

நாகம்மாள் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு அதே பழைய சேலையைச் சுருட்டி மகனின் தோளுக்கு அடியில் வைத்தாள். தலை பின்னால் தொங்கியது. அவன் கத்தினான், அவள் எடுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் தேங்காயெண்ணெய் தேய்ப்பு, கழுத்து வடுவை அழுத்தும் இறுக்கமான பட்டை, தாடையைத் தூக்கும் பயிற்சி. கிளம்பும் நாளில் அவன் முகம் சுவரில் இருந்த டியூப்லைட் வரை உயர்ந்திருந்தது. அதற்கும் மேலே மின்விசிறி.

"இன்னும் ஒரு வருசம் விடாம செஞ்சாத்தான் ஃபேன் தெரியும்" என்றார் அத்தை.

பட்டறை கொடுத்திருந்த அவனுடைய கைபேசி எண் அவன் ஊர் போன ஒரு மாதத்தில் நின்றுபோனது. அதன் பிறகு, பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி என்ற பலகையைக் கண்டால் அத்தையின் கால்கள் தாமாக நின்றுவிடும். இறங்குகிறவர்களின் கழுத்தைப் பார்ப்பார்.

"எழுதி ஒட்னேன். ஏன்னு அந்தம்மாகிட்ட வாயால சொல்லல. அந்தப் பத்து நாளும் என் தப்புதான்."

"நல்லாத்தான் இருப்பான் அத்தை."

"குணமானவங்க யாரும் எங்கள நெனைக்க மாட்டாங்க. நெனைக்காம இருந்தா நல்லதுதான்." சொல்லிவிட்டு கைபேசியை எடுத்துப் பார்ப்பார்.

அந்த ஆறு வருடத்தில் நான் எத்தனை முறை அவரை அழைத்தேன் என்று அப்போது எண்ணிப் பார்த்தேன். எண்ண அதிகமில்லை.

அவன் கிளம்பிப் பதினான்கு மாதம் கழித்து, சித்திரையில் ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து சின்ன வீடியோ ஒன்று வந்தது. வேப்பமர நிழலில் மாடசாமி நிற்கிறான். கழுத்தில் தடித்த வடு. செம்பை உயர்த்துகிறான். தலை மெல்ல மெல்லப் பின்னால் சாய்கிறது, பாதியில் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் சாய்கிறது. தண்ணீர் நேராக வாய்க்குள் விழுகிறது. ஒரு கீற்று வழிந்து வடுவின் மேல் ஓடுகிறது.

படத்தில் தெரியாத இடத்திலிருந்து நாகம்மாளின் குரல் கேட்டது:

"நல்லா மேல தூக்குலே. சிஸ்டரம்மா பாப்பாகல்லா."