ஒட்டகம் கறந்த பால்

ஒட்டகப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்? காய்ச்ச வேண்டுமா, தண்ணீர் கலக்க வேண்டுமா, டாக்டரைக் கேட்க வேண்டுமா, இல்லை, கொடுக்கவே கூடாதா? என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணின் பல்பத்தைப் பிடுங்கித் தின்கிறாள். இன்னமும் எனக்கு இதற்கு விடை தெரியாது.

அவளுக்கு ஒன்றரை வயதில் மணல்வாரி அம்மை போட்டது. தண்ணீர் ஊற்றி, வேப்பிலை எடுத்துப் போட்டு, எல்லாம் முறைப்படி முடிந்தது. அம்மை இறங்கிய பிறகு பால்தான் தொண்டையில் இறங்கவில்லை. டம்ளரைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். மீறி ஊற்றினால் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நான் நிம்மதியாக மூச்சு விடும் நேரம் பார்த்து என் புடவையில் துப்புவாள். இடுப்பில் தூக்கினால் அவள் எலும்பு என் எலும்பில் இடித்தது. ஆஸ்பத்திரி நர்சம்மா அவளைத் தராசில் வைத்துவிட்டு, முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வீட்ல என்னதான் குடுக்கறீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அதை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன்.

நான் காஞ்சிபுரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். செய்துவிட்டு மறுபடியும் படித்து, செய்தது தப்போ என்று பயப்படுவேன். என் மாமியாருக்கு இதில் நல்ல பொழுதுபோக்கு. குழந்தைக்குச் சட்டை மாட்டினால்கூட, "இன்னா, இந்தக் கையிலதான் மொதல்ல மாட்டணும்னு புக்குல போட்டுக்குதா?" என்பார். பால் விஷயத்தில் அவர் கட்சி வேறு. "பசிச்சா அதுவே கேக்கும். நீ டம்ளரைத் தூக்கிக்கினு பின்னாலயே சுத்தினா, பெரிய மனுஷங்களுக்கே பேஜாரா கீது. கொயந்தைக்கு இருக்காதா?"

எதிர் வீட்டு டீச்சர் படித்து முடித்த வாரப் பத்திரிகைகளை எனக்குக் கொடுப்பார். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் முதலில் உருவிக்கொள்வார், சேர்த்து பைண்டு பண்ணுவதற்காக. அதனால் என் கைக்கு வரும் பத்திரிகையில் எல்லாக் கட்டுரைக்கும் தலை இருக்கும். சிலவற்றுக்கு வால் இருக்காது. அப்படி ஓர் இதழில்தான் ஒட்டகத்தைப் பற்றிப் படித்தேன். பாலைவன நாடுகளில் ஒட்டகப் பாலையே முக்கிய ஆகாரமாகக் கொண்டு வாழ்கிறார்களாம். லேசாக உப்புக் கரிக்குமாம். பசும்பாலைவிட வைட்டமின் சி அதிகமாம். காமாலை, காசநோய், சர்க்கரை வியாதி ஆகியவற்றுக்கு அது உதவுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்களாம். "ஆராய்ந்து வருகிறார்கள்" என்றால் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றுதானே பொருள்? அதையும் யோசித்தேன். ஆனால் கட்டுரையின் அடுத்த பத்தி, நோயில் இளைத்தவர்கள் தேறுவதைப் பற்றியது. பக்கத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: "ஆயினும் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால்". மீதி, தொடர்கதையின் முதுகில் போய்விட்டது. டீச்சரிடம் ஓடினேன். பக்கங்கள் பைண்டிங்குக்குப் போயிருந்தன.

அந்த வாரமே ஊருக்கு ஒட்டகம் வந்தது.

பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற ஆட்கள்தான். ஏரிக்கரையில் கூடாரம் அடித்திருந்தார்கள். எனக்கோ அது கட்டுரையிலிருந்து இறங்கி நேராக எங்கள் ஊருக்கு நடந்து வந்த மாதிரி இருந்தது. எங்களுக்கு எருமைப் பால் ஊற்றுகிற பால்காரம்மாவின் வீடும் ஏரிக்கரை ஓரம்தான். மறுநாள் காலை, மாமியார் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, வாசலில் பால்காரம்மாவின் காதருகே போய் முணுமுணுத்தேன்.

"அக்கா, குழந்தைக்கு ஒட்டகம் கறந்து தருவீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லேசுப்பட்ட வேலையாம்மா அது? ஒதைக்கும். கன்னுக்குன்னு வுட்டு வெக்கிறது இல்ல அது?"

"கொஞ்சம் போதும்க்கா. இளைச்சுப் போயிட்டா."

அவர் எட்டிப் பார்த்தார். ரேழியில் என் மகள் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். எது தூண், எது குழந்தை என்று பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் யோசனை வரும். "சரி. தனியா சொம்புல எடுத்தாறேன். தெருவுல யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதே. அப்பால ஆளாளுக்குக் கேப்பாங்க."

ஒட்டகக்காரரிடம் இவ்வளவு செல்வாக்கா என்று நான் வியந்துபோனேன்.

சொம்பு வந்தது. பாலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது, சத்தியமாகக் கரித்தது. ஆனால் ஆடை தடிமனாகப் படிந்தது. ஒட்டகப் பாலில் ஆடை சரியாகக் கட்டாது என்று அதே கட்டுரை சொல்லியிருந்தது. இதற்கான விளக்கம் உருவிய பக்கத்தில் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பயத்தில் அரை டம்ளர் மட்டும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கட்டாயப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை. கொடுக்கலாமா என்றே தெரியாத ஒன்றை எப்படி வாயில் ஊற்றுவது?

அவள் டம்ளரை எடுத்தாள். குடித்தாள். மேலுதட்டில் வெள்ளை மீசையோடு என்னைப் பார்த்து, "இன்னும்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் சொம்பு வந்தது, தினமும் குடித்தாள். ராத்திரி கையை வைத்துப் பார்த்தால் விலா எலும்பு கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது. எனக்கு ஒரு பக்கம் ஆனந்தம், ஒரு பக்கம் திகில். பொறுக்க முடியாமல் கணவரிடம் சொன்னேன். யூனியன் ஆபீசில் குமாஸ்தா. எதற்கும் அதிர மாட்டார். குழந்தையைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீளலை. முதுகைப் பார்த்தியா? திமில் கிமில் வருதா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். வெறுங்கையோடு போக மனம் வராமல், ஒட்டகத்துக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை எடுத்துக்கொண்டேன். தினம் பால் கொடுக்கிற ஜீவன் அல்லவா? அது கீரையை மென்றுகொண்டே, நர்சம்மாவைப் போல என்னை மேலிருந்து கீழே பார்த்தது. நான் ஒட்டகக்காரரிடம், "உங்க ஒட்டகப் பாலை எங்க பாப்பா நல்லாக் குடிக்கிறா" என்றேன்.

"பாலா?" அவர் ஒட்டகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "யம்மா, இது ஆம்பளை. பாப்பாவை வேணும்னா ஒரு ரவுண்டு ஏத்தறேன்."

என் கணவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் என் குழந்தைக்கு நான் கொடுத்தது என்ன? அவளை வாரி எடுத்துக்கொண்டு பால்காரம்மா வீட்டுக்கு ஓடினேன்.

அவர் எருமையைக் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ஒட்டகமா? இன்னாத்துக்குமா ஒட்டகம்? நீதானே ஒட்டக் கறந்து தரச் சொன்னே?"

"ஒட்டகம்னு சொன்னேன்க்கா!"

"ஒட்டன்னுதான் என் காதுல வுழுந்துச்சு. மடியில சொட்டு இல்லாம ஒட்டக் கறந்தா, கடைசியா வர்றது நல்லாக் கெட்டியா இருக்கும். நான் மிச்சம் வெச்சிக்கினு ஏமாத்தறேன்னு குத்திக் காட்றியோன்னு, எனக்கு அன்னிக்குப் பூரா மனசே ஆறலை. கொயந்தை மூஞ்சிக்காவ வாயைப் பொத்திக்கினு போனேன்." அப்புறம்தான் அவருக்கு முழுதும் விளங்கியது. எருமையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நீ இன்னும் திமில் வரலைன்னு வருத்தப்படாதடி" என்று எருமைக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணவர் ஆரம்பித்துவிட்டார். "ஒரே ஒரு எழுத்தை முழுங்கினே. ஒட்டகம் எருமையாயிடுச்சு." மாமியாரிடம் அவரே சொன்னார். சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை. "அந்தப் பாலும் இல்ல, இந்தப் பாலும் இல்ல" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவ பயந்துக்கினு தள்ளி உக்காந்தா பாரு, அதுதான் மருந்து."

அதுவாகவும் இருக்கலாம். ஒட்டக் கறந்த பாலாகவும் இருக்கலாம். அம்மையின் அலுப்பு தானாகவே தீருகிற நாளாகவும் இருந்திருக்கலாம். அடுத்த தடவை நர்சம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் "பால்" என்று மட்டும் சொன்னேன்.

இதெல்லாம் சிரித்து முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பால்காரம்மா வாயிலிருந்து கிளம்பிய கதை, ஊர் ஊராகப் போகும்போது சிரிப்பை எங்கேயோ இறக்கிவிட்டது. ஒட்டகத்தை மட்டும் விடாமல் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறது. போன வாரம் மானாம்பதியிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அதே மணல்வாரி, அதே இறுக்கிய வாய். "யக்கா, உங்க பாப்பாவுக்குக் குடுத்த ஒட்டகப் பாலு எங்கக்கா கெடைக்கும்?" என்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எருமைப் பாலுக்கே இப்படித் தேறிக்கினா, நெசமாலும் ஒட்டகப் பாலுன்னா இன்னும் நல்லா இருக்கும் இல்லக்கா?" என்று கேட்டாள். செய்யாறு பக்கம் திருவிழாவுக்கு ஒட்டகங்கள் வந்திருக்கின்றனவாம். அதில் ஒன்று பெண் என்று விசாரித்தே வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு முதலில் கூட்டிப் போ என்று சொன்னேன். போகிறேன் என்றாள், எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாத குரலில்.

டீச்சரின் பைண்டு புத்தகம் மானாம்பதிக்கு இரவல் போய், அங்கிருந்து மாகறல் போய், அதற்கப்புறம் யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊதா காலிகோ அட்டை. முதுகில் கதையின் பெயர் இல்லை. அது உங்கள் வீட்டில் இருந்தால், கதாநாயகி அழுகிற பக்கங்களின் பின்புறத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். "முன்னால்" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது? புத்தகம் இல்லாவிட்டாலும், ஒட்டகப் பாலைப் பற்றி நிஜமாகத் தெரிந்தவர்களோ, குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தவர்களோ இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை சந்தைக்கு அந்தப் பெண் மறுபடி வருவாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?