போர்ச்சுகல் போகும் ஆவடி ஸ்வெட்டர்கள்

குழு நண்பர்களுக்கு, ஆவடி பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன்.

கம்பெனி என்னை ஜனவரியில் பயிற்சிக்காகப் போர்ச்சுகலுக்கு அனுப்புகிறது. முதல் வெளிநாட்டுப் பயணம்.

அங்கே அப்போது குளிர்காலம் என்று அம்மா சொல்லிவைக்க, நாங்கள் குடியிருக்கும் தொழிற்சாலை குவார்ட்டர்ஸே களத்தில் இறங்கிவிட்டது. வடக்கே வேலை பார்த்து மாற்றலாகி வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைத் திறந்தார்கள். இப்போது வீடு முழுக்க ஸ்வெட்டர், பாச்சை உருண்டை வாசனை.

"கான்பூர் குளிரையே தாங்குன ஸ்வெட்டர் தம்பி. அங்க போட்டுக்கிட்டு ஒரு போட்டோ மட்டும் எடுத்துட்டு வா" என்றார் எதிர்வீட்டு அக்கா. கொடுத்த எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

இன்று காலை அம்பத்தூர் ரயிலில், போன குளிர்காலத்தில் போர்ச்சுகல் போய்வந்த எங்கள் கம்பெனி சீனியரைப் பார்த்தேன்.

"பனியா? நான் கண்ணால பாக்கல நைனா. நம்ம ஐப்பசி மழை மாரிதான் ஊத்திகினே இருந்துச்சு. நல்ல கொடையா ஒண்ணு எத்துகினு போ" என்றார்.

ஸ்வெட்டர்களைத் திருப்பிக் கொடுத்தால் அத்தனை முகமும் வாடிவிடும். அதனால் எல்லாமே என்னுடன் வருகின்றன. மழையில் நின்று ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இத்தனை பேரில் ஒருவர்கூடக் குடை தரவில்லை. உங்களில் யாரிடமாவது நல்ல குடை இருக்கிறதா? அதற்கும் போட்டோ உண்டு.