லே ஊரில் வேகாத திண்டிவனத்து அரிசி

வடக்கே பனிமலைமேல் இருக்கிற லே ஊரில் எங்கள் சோறு வேகவில்லை. அதனால் என் அரிசி மண்டியின் பேர் கெட்டுப்போகப் பார்த்தது. நடந்தது இவ்வளவுதான்.

பம்ப் ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாடை இப்போதும் மூக்கிலேயே நிற்கிறது… முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஓர் அடி தள்ளி நிழலுக்குப் போனால் பல் கிடுகிடுக்கும். அப்படி ஒரு ஊர்.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டிவனத்தில் என் மண்டி கொஞ்சம் நிமிர்ந்திருந்த சமயம். வியாபாரம் மந்தமான மாதங்களில் சும்மா உட்காரப் பிடிக்காது எனக்கு. கோட்டக்குப்பம் காதர் பாயோடு கூட்டு சேர்ந்து டூர் நடத்த இறங்கினேன். பாய் துபாயில் இருந்து வந்தவர், இந்தி சரளம். ராமேஸ்வரத்துக்கும் திருப்பதிக்கும் ஆளுக்கு ஆள் பஸ் விட்டுக்கொண்டிருந்தார்கள். லே வரைக்கும் யாரும் போகவில்லை. அதனாலேயே அதைப் பிடித்தேன்.

டெல்லி, ஆக்ரா, மணாலி, அங்கிருந்து மலைப்பாதையில் லே. சின்ன குரூப்தான்.

எங்கள் பக்கத்து டூருக்கு ஒரு சட்டம் உண்டு. கைடு இல்லாமல்கூடக் கிளம்புவார்கள், சமையல்காரர் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். எனவே ஏழுமலை மாஸ்டர், அவருடைய பெரிய தவலை, என் மண்டியின் புழுங்கல் அரிசி மூட்டை எல்லாமே ரயில் ஏறின. குரூப்பில் வந்த ஒலக்கூர் ஜெயராமன் அண்ணன் தாஜ்மகாலை ஒரு சுற்று சுற்றி வந்து மாஸ்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: "மத்தியானம் இன்னா கொழம்பு?"

மணாலியிலிருந்து இரண்டு நாள் மலைப்பயணம். வழியில் அடுப்பு மூட்ட இடமில்லை, வெறும் ரொட்டிதான். லேயில் இறங்கும்போது எல்லோருக்கும் தலைவலி. கைடு சோனம் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். "இன்று யாரும் எங்கேயும் நடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். தங்கிய வீட்டு முற்றத்தில் படுத்தபடியே மலைமேல் இருந்த பழைய அரண்மனையைப் பார்த்தோம்… மண்ணும் மரமுமாக, மலையிலிருந்தே முளைத்த மாதிரி.

"நாளைக்கு மேல கூட்டிக்கினு போவாங்க இல்ல? பனியத் தொட்டுப் பாக்காம நான் ஊரு திரும்பமாட்டேன்" என்றார் கிளியனூர் தனக்கோட்டி அக்கா. அதற்காகவே வந்தவர் அவர்.

அப்போதுதான் மாஸ்டர் கரண்டியோடு வந்தார். முகம் சரியில்லை.

"தண்ணி தளதளன்னு கொதிக்குதுங்க. அரிசி மட்டும் சும்மா நீச்சல் அடிச்சிக்கினு கெடக்குது."

ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வேகாமல் கல்லாக இருந்தது. இன்னொரு ஸ்டவ்வையும் சேர்த்து எரித்தும் அதே கல்.

ஜெயராமன் அண்ணன் தவலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யோவ் மண்டிக்காரரே, எந்தக் காலத்து சரக்குய்யா இது? கடையில வெலபோவாததை எங்க தலையில கட்டிட்டியா?"

"இதே மூட்டைதாண்ணே டெல்லியில மல்லிப்பூ மாதிரி வெந்துச்சு."

"அது மேல் அரிசி. அடியில இன்னாத்த வெச்சிருந்தியோ!"

யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"வண்டியத் திருப்பச் சொல்லு. சோறே வேகாத ஊர்ல இன்னாத்த சுத்திப் பாக்கறது?" என்றார் அண்ணன்.

நாலு தலை ஆமாம் என்று ஆடியது. டூர் படுத்தால் போகட்டும். ஆனால் 'அவன் கடை அரிசி வேகாது' என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் காலையில் ஒரு வாய் சொன்னால், சாயங்காலம் விழுப்புரம் வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பேஜாரு பண்ணாதீங்கய்யா" என்றார் அக்கா. "ஒரு வேளை ரொட்டியே துன்னா கொறஞ்சா பூடுவீங்க?"

"ரெண்டு நாளா துன்னது போதும் யக்கா!"

பாய் சோனத்திடம் இந்தியில் விஷயத்தைச் சொன்னார். சோனம் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த பாயும் சிரித்தார்.

"அண்ணே, இந்த ஒயரத்துல போதுமான சூடு ஏறதுக்கு முன்னாலயே தண்ணி கொதிச்சிடுமாம். இங்க வூட்டுக்கு வூடு குக்கர்தானாம். ஜல்தியா கொண்டாறேன்றாரு."

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கஞ்சி வடிக்காத சோறு ஒரு சோறா? அதுக்கு நான் எதுக்கு?"

சோனமும் அவர் மனைவியும் அக்கம்பக்கத்திலும் கேட்டு நாலைந்து நசுங்கிய குக்கர்களோடு வந்தார்கள். நான் அரிசியைத் தொடவில்லை. மூட்டையை ஜெயராமன் அண்ணன் முன்னால் இழுத்துப் போட்டேன்.

"நீங்களே அள்ளுங்க. அடியிலேர்ந்தே அள்ளுங்க."

தோள்வரை கையை விட்டு அள்ளினார் மனுஷன்.

விசில் வந்தது. மூடி திறந்தது. அண்ணன் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார், தட்டை நீட்டினார்.

"கொழம்ப ஊத்துய்யா."

அவ்வளவுதான், தீர்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டிலிருந்தே ஊறுகாயையும் எடுத்துக்கொண்டார். மாஸ்டர்கூட நின்றபடியே ஒரு வாய் போட்டுப் பார்த்தார். "கொஞ்சம் கொழஞ்சி போச்சி… பரவால்ல."

மறுநாள் கணவாய்க்கு ஏறினோம். அக்கா இரண்டு கையிலும் பனியை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "நம்ம மரக்காணத்து உப்பு மாதிரியே கீதுடா…" என்று சொல்லிவிட்டு, நாக்கிலும் கொஞ்சம் வைத்துப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை போல.

இப்போது காலையில் சென்னையில் விமானம் ஏறினால் மலைப்பாதையே தெரியாமல் லே போய் இறங்கிவிடலாம். வருகிறவர்கள் "சார், லோக்கல் ஃபுட் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். சமையல்காரர் வேண்டாம், தவலை வேண்டாம். ரூமில் வெந்நீர் உண்டு, எனக்கும் லாபம் அதிகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு மேஜையில் ஆளுக்கொரு போனோடு சாப்பிட்டுவிட்டு, நல்லபடியாக நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்…

நேருக்கு நேர் என்மேல் சந்தேகப்பட்டு, அப்புறம் என் தட்டிலேயே ஊறுகாய் எடுத்துச் சாப்பிடுகிற ஆள் மட்டும் இப்போது வருவதில்லை.

வீட்டுச் சாப்பாடு கேட்டு எப்போதாவது ஒரு குரூப் அமையும். அப்போதெல்லாம் சோனம் வீட்டோடு முதல் வருஷம் பேசியதுதான் இன்றும் பேச்சு: குக்கருக்கு வாடகை கிடையாது. போகும்போது அவர்களுக்கு ஒரு சிப்பம் புழுங்கல் அரிசி, திரும்பும்போது எங்களுக்கு அங்கே விளைகிற ஆப்ரிகாட் பழம், உலர்த்தியது, ஒரு பை.