சோற்றுப் பையில் போன்

போடிமெட்டு வழியாக எங்களை ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் ஜீப் டிரைவர் ஒல்லியானவர். எப்போதும் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருப்பார். மலை ஏறும் முன் தன் போனைக் கடைசி சீட்டில் இருப்பவரின் சோற்றுப் பையில் போட்டுவிடுவார். "கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது" என்பார்.

"ஒங்க போனு என் சோத்தத் தின்னுறாமப் பாத்துக்கங்கண்ணே" என்று பெண்கள் கிண்டலடிப்பார்கள்.

ஒருநாள் என் பையில் போட்டார். மூன்றாவது வளைவில் போன் அடித்தது. நின்று, மறுபடி மறுபடி அடித்தது.

"வீட்டுல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலையோ என்னமோ. எடுக்கட்டுமாண்ணே?"

"வேணாம் தங்கச்சி. சேதி கேட்டா ரோட்ட யாரு பாக்குறது? இத்தன பேரு இருக்கீங்க."

தோட்டத்தில் இறங்கித்தான் போனை வாங்கினார். பேசிவிட்டு அப்படியே ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா போயிருச்சு. கடைசியா என் குரலக் கேக்கணும்னு சொல்லுச்சாம்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தார். ஸ்டியரிங் பக்கத்தில் போன் ஸ்டாண்ட் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. முதல் வளைவில் மூடுபனி. போன் வெளிச்சம் போட்டது. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

இன்றும் அந்த ஜீப்பில்தான் போகிறேன். கடைசி சீட்டில், அவர் போனுக்காகப் பையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.