வேண்டாம் என்றாலும் வந்த தபால்

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் குடியேறிய புதிதில், சமவெளியிலிருந்த ஒரு கடிகாரக் கடைக்கு இலவச விலைப்பட்டியல் கேட்டுக் கார்டு போட்டேன். கடிகாரம் வாங்க வக்கில்லை. என் பேருக்குத் தபால் வந்தால் எஸ்டேட்டில் கொஞ்சம் மரியாதை கிடைக்குமே என்ற ஆசைதான்.

பட்டியல் வந்தது. பிறகு மாதாமாதம் வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் கோயமுத்தூர்க்கார கிளார்க் பேர் சொல்லித் தபால் கொடுப்பார். எங்கள் பேரைக் கேட்டதும் அம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். இலங்கையிலேயே தங்கிவிட்ட அக்காவிடமிருந்து அதுவரை ஒரு வரிகூட வரவில்லை. அம்மா கைக்குக் கிடைத்ததெல்லாம் கைக்கடிகாரப் படங்கள்.

மனசு கேட்காமல், இனி அனுப்ப வேண்டாம் என்று கடைக்கு எழுதினேன். 'அன்பான வாடிக்கையாளரே' என்று இரண்டு பட்டியல் வந்தது. கோபமாக எழுதினேன். சுவர்க் கடிகாரப் பட்டியலும் சேர்ந்துகொண்டது.

"ஏனுங்க, கடையவே வெலைக்குக் கேக்கறீங்களா?" என்றார் கிளார்க்.

கடைசியில், நான் செத்துப்போய்விட்டதாகவே எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

"அட கூறுகெட்டவனே! அந்தக் கடைக்காரன் காயிதம் தவறாம வருதில்ல? அப்ப நம்ம வெலாசம் சரியாத்தானே இருக்கு? அக்கா போட்டாலும் வந்து சேரும். வரட்டும், விடு."

அந்தக் கார்டைக் கிழித்துவிட்டு, எங்கள் விலாசத்தை அக்காவுக்கு இன்னொரு முறை, கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினேன்.