கடல் பார்க்க வந்தவன்

இன்று காலை கண்டியிலிருந்து றவூப் முகநூலில் கேட்டிருந்தான்: "பேரப்பிள்ளைகளோட கல்முனைக்கு வாறன் மச்சான். பார்க்க என்ன இருக்கு?"

சிரிப்பு வந்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒன்றாக வேலை பார்த்த காலத்திலும் இவன் வந்தான். அதுவரை கடலையே கண்டிராத மலைநாட்டுக்காரன். அன்றிரவு பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும்.

வந்ததும், "கடல் எந்தப் பக்கம்?" என்றான்.

"கடல் எங்கயும் ஓடிப் போகாது மகன், முதல்ல பசியாறுங்க" என்று உம்மா புட்டை வைத்தார்.

பிறகு மருதமுனைக்குச் சாறன் வாங்கப் போனோம். நெசவுக்காரர் பகல் சோறு தராமல் விடவில்லை. சாய்ந்தமருதில் வாழ்க்கைப்பட்டிருந்த என் ராத்தா, தேத்தண்ணி என்று கூப்பிட்டு வட்டிலப்பம் வைத்தார். எல்லா வீட்டுக்கும் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. றவூப் எழும்பும்போதெல்லாம் யாராவது கோப்பையில் இன்னும் கொஞ்சம் போட்டார்கள்.

இருட்டில் பஸ் ஏறும்போது சொன்னான்: "சத்தம் நல்லாக் கேட்டிச்சு மச்சான்."

"இந்த முறை கட்டாயம் கடலக் காட்டுறன்" என்று இன்று பதில் எழுதினேன்.

பின்னால் நின்று வாசித்த மனைவி கேட்டாள்: "எத்தின பேராம்? பசியாற என்ன செய்யிற?"

றவூப், இதை வாசித்தால் எங்கள் வீட்டுக்கு வராதே. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடலுக்கு ஓடு.